சுற்றுலாத் துறைக்கு ஒரு திறந்த மடல்: கொல்லிமலையில் அருவிக்குப் போகும் வழியில் சாமைக் காடு இருக்கிறது

மதிப்பிற்குரிய தமிழ்நாடு சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும் நாமக்கல் மாவட்ட நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

கொல்லிமலைக்கு வருகிறவர்கள் எதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பதைப் பற்றி எழுதுகிறேன். நான் மலையடிவாரத்துக்காரன், சேந்தமங்கலம் பக்கம். மலையில் எனக்கு நிலமும் இல்லை, விடுதியும் இல்லை, கடையும் இல்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் தெரிந்தவர்கள் வீட்டுக்கும் பல வருடமாகப் போய்வரும் பழக்கம் மட்டும் உண்டு. அதனால் எந்தப் பக்கத்து லாபத்துக்காகவும் இதை எழுதவில்லை.

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் ஒரு பயணிக்கு என்ன காத்திருக்கிறது? பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். ஆகாய கங்கை, மாசிலா அருவி, நம் அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், எட்டுக்கை அம்மன், சீக்குப்பாறை காட்சி முனை, வாசலூர்ப்பட்டி படகு இல்லம். காலையில் ஏறி இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழியில் கார்க் கண்ணாடிக்கு வெளியே ஓடிப்போகிற வயலும் காடும் களமும்தான் இந்த மலையின் மிகப் பழைய பாரம்பரியம். அதை யாரும் யாருக்கும் காட்டுவதில்லை.

பழையது என்று சும்மா சொல்லவில்லை. குறுந்தொகையின் நூறாவது பாட்டைக் கபிலர் பாடியிருக்கிறார். மன்னன் ஓரியின் கொல்லிமலையில் உள்ள பாவையைப் போல அழகானவள் என்று ஒரு பெண்ணைச் சொல்ல வந்த பாட்டு. பாவையைச் சொல்வதற்கு முன்னால் கபிலர் ஊரைச் சொல்கிறார். அருவி பாயும் பரப்பில் ஐவனம் என்னும் மலைநெல்லை விதைக்கிறார்கள். ஊடே முளைத்த மலைமல்லிகையையும் மரல் செடியையும் களைந்து எடுக்கிறார்கள். காந்தளே வேலியாக நிற்கும் சின்னஞ்சிறு குடியிருப்பு. பசி வந்தால் யானைக் கொம்பை விற்றுச் சாப்பிடுகிறார்கள். விதைப்பு, களையெடுப்பு, வேலி, பசி, விற்பனை என்று ஒரு விவசாயக் குடும்பத்தின் முழு வருடமும் நாலைந்து வரிக்குள் வந்துவிடுகிறது. கொல்லிமலை என்றதும் நமக்கு வல்வில் ஓரி நினைவுக்கு வருகிறார். யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஒரே அம்பு துளைத்துப் போனதாக வன்பரணர் பாடியதும் நினைவுக்கு வருகிறது. அந்த மன்னனின் மலையில் களை எடுத்தவர்களும் அதே சங்கப் பாட்டுக்குள்தான் இருக்கிறார்கள். ஓரிக்குச் செம்மேட்டில் சிலை வைத்தோம், ஆடிப் பதினெட்டை ஒட்டி ஆண்டுதோறும் அரசு விழாவும் எடுக்கிறோம். நல்ல காரியம். களை எடுத்தவர்களின் தொழிலுக்கு என்ன செய்தோம்?

அறப்பளீஸ்வரரையே எடுத்துக்கொள்ளுங்கள். தேவாரத்தில் வைப்புத் தலமாக, அதாவது தனிப் பதிகம் இல்லாமல் பெயர் மட்டும் வரும் கோயில். வளப்பூர் நாட்டில், ஐயாற்றங்கரையில், பெரியகோவிலூரில் இருக்கிறது. அங்கே யாரைக் கேட்டாலும் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஓர் உழவர் நிலத்தை உழுதுகொண்டிருந்தபோது ஏர்க்கொழு எதிலோ தட்டியது. மண்ணை விலக்கினால் லிங்கம். கொழு பட்ட தழும்பு லிங்கத்தின் உச்சியில் இன்றைக்கும் இருக்கிறது என்பார்கள். சாமியே ஏர்முனையில் கிடைத்தது என்று நம்பும் ஊர் இது. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்கப் போகும் அவசரத்தில் கோயிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடும் பயணிக்கு இந்தக் கதையைச் சொல்ல அங்கே ஆள் வேண்டும்.

சரி, வயலுக்கு வருகிறேன்.

மலையின் மேல்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. தண்ணீர் ஓடும் பள்ளங்களில் படிப்படியாக நெல் வயல். சரிவில் மானாவாரிக் காடு. நிழல் உள்ள இடங்களில் காப்பி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, வீட்டைச் சுற்றிப் பலா, வாழை, அன்னாசி. மலையாளிப் பழங்குடி மக்கள்தான் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். அவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்றும், ஆளுக்கொரு மலையைப் பிரித்துக்கொண்டார்கள் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். மலை முழுக்க நாடு நாடாகப் பிரிந்திருக்கிறது. வளப்பூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். இன்றைய பஞ்சாயத்துகளுக்கும் அதே பெயர்கள்தான். ஒரு வெளியூர்க்காரர் மூன்று நாட்டைத் தாண்டி வந்திருப்பார், தான் எந்த நாட்டில் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

மானாவாரிக் காட்டில்தான் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்னும் சிறுதானியங்கள். இவற்றில் சாமை ஒன்றே ஒன்று என்று கீழே இருக்கும் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மேலே போனால் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலாச் சாமை, சடஞ்சாமை, பெருஞ்சாமை. கேழ்வரகில் சுண்டாங்கி, அரிசிக் கேழ்வரகு, கருமுழியன். தினையில் செந்தினை, பெருந்தினை, கோரந்தினை, பாலாந்தினை. சில ரகங்கள் மூன்று மூன்றரை மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும், சில ஐந்து மாதம் வரை நிற்கும். மழை முந்தினால் ஒன்று, பிந்தினால் ஒன்று, மண் மெலிந்த சரிவுக்கு ஒன்று என்று கையில் எப்போதும் மாற்று வைத்திருந்தார்கள். எந்த அலுவலகமும் வகுத்துக் கொடுத்த திட்டம் இல்லை அது. விதை எடுக்கும்போது நல்ல கதிரைத் தனியாகப் பிரித்து வைத்த பெண்களின் வேலை.

அந்த விதையை வைத்திருந்த பாத்திரத்துக்குப் பெயர் தொம்பை. மூங்கிலைப் பின்னி மண் பூசிச் செய்தது. ஒரு வீட்டில் இன்னும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இடுப்பளவு உயரம், வயிறு அகன்று வாய் சுருங்கியிருக்கும். மேலே மூடியையும் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசியிருந்தார்கள். விதைப்புக்கு முன்னால்தான் உடைப்பார்களாம். பூச்சி வராதா என்று கேட்டேன். "காத்துப் போனாத்தானே பூச்சி போவும்" என்றார் அந்த வீட்டு அம்மா. பக்கத்திலேயே பிளாஸ்டிக் பீப்பாயில் ரேஷன் அரிசி இருந்தது. தொம்பை பாதிதான் நிரம்பியிருந்தது.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டிய பொருள் என்று யாருக்காவது தோன்றலாம். தயவுசெய்து அப்படி நினைக்க வேண்டாம். புழக்கத்தில் இருக்கும் பொருள் அது. புழக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஏன் பாதி நிரம்பியிருக்கிறது என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அடிவாரத்திலும் சேலத்திலும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் வந்தன. மரவள்ளிக்கு நிச்சயமான விலை வந்தது. குச்சியை நட்டுவிட்டால் பத்து மாதத்தில் கிழங்கு, லாரி மேலேயே வந்து ஏற்றிக்கொள்ளும், கையில் ரொக்கம். பிள்ளையைப் படிக்க வைக்கவும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ரொக்கம் வேண்டும். சாமையை வைத்துக்கொண்டு ரொக்கம் பார்க்க முடியாது. அந்தக் கிழங்கிலிருந்து செய்யும் சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது, மகிழ்ச்சிதான். ஆனால் சரிவில் மண்ணைக் கிளறிக் கிழங்கைப் பிடுங்கினால் அடுத்த மழையில் மேல்மண் கீழே போகிறது. வருடாவருடம் மரவள்ளியே வைத்தால் நிலம் சத்திழந்து போகிறது. இது அந்த விவசாயிக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதைப் பெண்கள்தான் சொல்வார்கள். ஒரு கார்த்திகையில் தெரிந்தவர் வீட்டுக் களத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டு அக்கா தாம்பாளத்தில் கிடந்த சாமையில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலால் தேய்த்து ஊதிக் காட்டினார். பளபளவென்று இருந்த உமி பறந்தது. உள்ளே இருந்தது இன்னும் அரிசி ஆகவில்லை, பழுப்பாக ஒரு தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. "இதையும் போக்கணும். உரல்ல போட்டுக் குத்திப் புடைச்சு, மறுபடியும் குத்திப் புடைச்சு, ஒரு நேரச் சோத்துக்கு ஒரு ஆளு வேலை" என்றார். கேழ்வரகை அப்படியே அரைத்துக்கொள்ளலாம், சாமையை அப்படிச் செய்ய முடியாது. நெல் மில்லில் போட்டால் நொறுங்கும். ரேஷனில் அரிசி வரும்போது உலக்கையை எதற்குத் தூக்க வேண்டும் என்று அவர் கேட்டால் பாரம்பரியம் என்று பதில் சொல்ல எனக்கு வாய் வராது. குத்திய கை அவருடையது.

இந்த இரண்டையும் புரிந்துகொண்டு வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களுக்காக உழைத்திருக்கிறது. ரகங்களைச் சேகரித்தார்கள், ஊர் விதை வங்கி வைத்தார்கள், தொம்பைக்கு மறுபடியும் மதிப்பு வரச் செய்தார்கள். சாமை உமி நீக்கும் இயந்திரத்தை ஊருக்குள் கொண்டுவந்து மகளிர் குழுவிடம் ஒப்படைத்தார்கள். சாமை அரிசியும் கேழ்வரகு மாவும் பொட்டலமாகி விற்பனைக்கு வந்தன. விதை இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, சமைக்கத் தெரிந்த கை இருக்கிறது. நிலையாக வாங்கும் ஆள்தான் வேண்டும். அந்த ஆளைத்தான் நீங்கள் ஒவ்வொரு சனி ஞாயிறும் 70 வளைவு ஏற்றி மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் மேலே வந்து பரோட்டா சாப்பிட்டுவிட்டு இறங்குகிறார்.

சுற்றுலா ஒரு பொருளுக்குச் சந்தை உண்டாக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் முடவாட்டுக்கால் சூப்பைப் பார்க்கலாம். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது, ஆட்டுக்காலைப் போலவே மேலெல்லாம் ரோமம். மலைக்காரர்கள் மூட்டு வலிக்கு வைத்துக் குடித்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு அருவிப் பக்கம் பத்தடிக்கு ஒரு சூப் கடை. கிழங்கைக் குவித்துவைத்து விற்கிறார்கள், ஊருக்கு வாங்கிப் போகிறார்கள். விற்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் அது வயலில் விளைவது இல்லை, பாறையிலிருந்து பெயர்த்து எடுப்பது. இந்த வேகத்தில் பெயர்த்தால் மறுபடி வளர நேரம் வேண்டாமா? ஒரு காட்டுக் கிழங்கை இவ்வளவு பேரின் வாய்க்குக் கொண்டுவர முடிந்த அதே கூட்டம், வருடாவருடம் விதைத்து அறுக்கக்கூடிய சாமைச் சோற்றைக் கேட்க ஆரம்பித்தால் சரிவுகளின் நிறமே மாறும்.

அதனால் நான் கேட்பது பெரிய கட்டடமோ கண்ணாடிப் பாலமோ இல்லை.

முதலில் சாப்பாடு. மலையில் அரசுக் கட்டடங்களில் நடக்கும் உணவகம் எதுவானாலும், உரிமம் பெற்ற தங்கும் விடுதி எதுவானாலும், மதியம் ஒரு வேளையாவது அந்த மலையில் விளைந்த சாமைச் சோறோ கேழ்வரகுக் களியோ இருக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். மலையின் மகளிர் குழுக்களிடமிருந்தே வாங்க வேண்டும், விலையை விதைப்புக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மரவள்ளி விவசாயிக்கு லாரிக்காரர் தருவது அந்த நிச்சயத்தைத்தான். சாமைக்கும் அது கிடைத்தால் நிலத்தில் ஒரு பகுதியையாவது திருப்பிவிடுவார்கள். இது நடக்காத காரியம் இல்லை. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் ஏற்பாட்டை தமிழ்நாடு அரசுதான் தொடங்கியது. அந்த வருடத்தை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது, அதைக் கேட்டு வாங்கியதும் இந்தியாதான்.

அப்புறம் சோளக்காடு சந்தை. பலாவும் வாழையும் அன்னாசியும் மிளகும் குவியும் இடம். கீழே இருந்து வரும் வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொண்டு போகிறார், சில்லறையில் வாங்கும் பயணி அடிவாரக் கடையில் "கொல்லிமலை மிளகு" என்று எழுதிய பையை வாங்குகிறார். அது எந்த ஊர் மிளகு என்று யாருக்குத் தெரியும்? சந்தையில் விளைவித்தவரே உட்கார்ந்து விற்க நிழலான மேடையும், எந்த நாட்டில் விளைந்தது என்று எழுதிய அட்டையும் போதும். பயணி கையில் மிளகோடு நாட்டின் பெயரும் போகும்.

வல்வில் ஓரி விழாவில் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதுகிறது. அதில் பாதி இடத்தையாவது விதைக்குக் கொடுங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மேடை, அங்கே இருக்கும் சாமை, தினை, கேழ்வரகு, மொச்சை, அவரை ரகங்கள், வைத்திருப்பவரின் பெயரோடு. விதையை நாடுகளுக்குள் மாற்றிக்கொள்ள ஒரு தனி நேரம். வில்வித்தைப் போட்டிக்குப் பரிசு கொடுப்பதுபோல அதிக ரகம் காத்த குடும்பத்துக்கும் பரிசு. விருந்தாக ஐவன நெல்லும் சாமையும் சமைக்கட்டும். ஐவனம் ஓரியின் மலையைச் சொன்ன பாட்டிலேயே உள்ளதுதானே.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விதையைக் காட்சிக்கு வைப்பதற்கு முன்னால் அந்த விதையின் உரிமையை எழுதி வைக்க வேண்டும். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001-லேயே வந்துவிட்டது. அதன்படி விவசாயிகள் தங்கள் பாரம்பரிய ரகங்களைத் தங்கள் பெயரிலோ சமூகத்தின் பெயரிலோ பதிவு செய்துகொள்ளலாம். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சி தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் அந்தந்த ஊரின் செடிகொடி, விதை, உயிரினங்களை எழுதி வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். பதிவேட்டில் முடவாட்டுக்காலும் ஏறட்டும், மல்லியச் சாமையும் ஏறட்டும். வேளாண் துறையையும் பழங்குடியினர் நலத் துறையையும் கூட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்து முடித்துவிட்டு விழாவுக்கு மேடை போடுங்கள்.

இன்னும் கொஞ்சம் துணிந்தும் கேட்கிறேன். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரிய அமைப்புகள் என்று சிலவற்றை அங்கீகரிக்கிறது. இந்தியாவில் காஷ்மீரின் குங்குமப்பூச் சாகுபடிக்கு 2011-லும், ஒடிசாவின் கோராபுட் பழங்குடி விவசாயத்துக்கு 2012-லும், கேரளத்தின் குட்டநாட்டுக்கு 2013-லும் அந்த அங்கீகாரம் கிடைத்தது. கோராபுட்டுக்குக் கிடைத்ததற்குக் காரணம் அங்கே கோட்டை கொத்தளம் இருந்ததா? பழங்குடி மக்கள் காத்துவந்த நெல் ரகங்களும் சிறுதானியங்களும் விவசாய முறையும்தான். கொல்லிமலையின் விவரங்களைத் திரட்டி ஒரு விண்ணப்பத்தைத் தயார் செய்யும் தகுதி தமிழ்நாட்டுக்கு இல்லையா? வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, பல ஆண்டு கள அனுபவம் உள்ள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, இலக்கியச் சான்றுக்குச் சங்கப் பாட்டே இருக்கிறது.

இதையெல்லாம் கேட்கும் அதே மூச்சில் எனக்கு ஒரு பயமும் உண்டு. "பழங்குடி கிராமச் சுற்றுலா" என்று ஒரு திட்டம் வந்து, பேருந்து நிறைய ஆட்களைக் கொண்டுபோய் ஒரு ஊருக்குள் இறக்கிவிட்டு, வீட்டுக்குள் எட்டிப் பார்க்க வைத்துவிடக் கூடாது. களத்தில் வேலையாக இருப்பவரை நிறுத்தி உலக்கையோடு போட்டோ எடுப்பது எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. எந்த ஊர் ஆட்களை வரவேற்க விரும்புகிறது, எத்தனை பேர், எந்த மாதம், எந்தப் பாதை, எந்தச் சாமி கோயிலுக்குள் செருப்போடும் கேமராவோடும் வரக் கூடாது என்பதையெல்லாம் அந்தந்த ஊர் கிராம சபைதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று ஒரு ஊர் சொன்னால் அந்த ஊரை விட்டுவிட வேண்டும். வழிகாட்டியாக அந்த ஊர்ப் பிள்ளைகளே இருக்கட்டும். படித்துவிட்டுத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்கு இறங்கிப் போகிற பிள்ளைகளில் சிலருக்காவது மலையிலேயே சம்பளம் கிடைக்கும். நான்கைந்து பேர் கொண்ட குழு, வரப்பு வழியே இரண்டு மணி நேர நடை, நடுவில் ஒரு வீட்டுத் திண்ணையில் காப்பி, கடைசியில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். அந்தக் காசு நேராக அந்த ஊருக்குப் போக வேண்டும்.

கண்ணாடிப் பாட்டில் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. சாலையோரத்தில் காரை நிறுத்திக் குடித்துவிட்டுப் பாட்டிலைப் பள்ளத்தில் வீசுகிறார்கள். பள்ளம் என்றால் அது யாரோ ஒருவரின் நெல் வயல். நாற்று நடும் நேரத்தில் முழங்கால் சேற்றில் வெறுங்காலோடு இறங்கி நிற்கிற பெண்ணுக்குக் கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத் தெரியாது, குத்தினால்தான் தெரியும். தெரிந்தவர் வயலில் நடவு முடிந்த மாலையில் வரப்பில் ஒரு சின்னக் குவியலைப் பார்த்தேன். அன்றைக்குச் சேற்றிலிருந்து பொறுக்கிய சில்லுகள். ஒரு பெண் காலில் சேலைக் கிழிசலைக் கட்டிக்கொண்டு மறுநாள் நடவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். காரவள்ளிச் சோதனைச் சாவடியில் கண்ணாடிப் பாட்டிலையும் ஒருமுறை மட்டுமே பயன்படும் பிளாஸ்டிக்கையும் நிறுத்துங்கள். முள்ளுக்குறிச்சி வழியாக ஏறுகிறவர்களுக்கும் இதே சோதனை வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள். இதற்கு நிதி ஒதுக்கீடு தேடிக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆள் போட்டால் போதும்.

பெயர்ப் பலகை வைப்பது உங்கள் துறைக்குக் கைவந்த கலை. அருவிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதும் பலகையிலேயே கீழே இரண்டு வரி சேருங்கள். நீங்கள் இப்போது இன்ன நாட்டில் இருக்கிறீர்கள், இந்த மாதம் இங்கே இன்ன பயிர் நிற்கிறது, வயலுக்குள் இறங்க வேண்டாம். பெரியகோவிலூரில் ஏர்க்கொழுக் கதைக்கு ஒரு பலகை. குறுந்தொகைப் பாட்டைப் பொருளோடு செதுக்கிய கல் ஒன்று, ஐவன நெல் விளையும் இடம் எதுவோ அங்கே, நிலத்துக்காரர் சம்மதத்தோடு. மேலே மாசி பெரியண்ணசாமி கோயிலுக்கு ஏறுகிற பக்தர்களும் இந்த வயல்களைத் தாண்டித்தான் போகிறார்கள். அவர்கள் ஏற்கெனவே மரியாதை தெரிந்தவர்கள், சொன்னால் கேட்பார்கள்.

ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிகிறது. நிலம் மரவள்ளியிலிருந்தும் கைநழுவினால் அடுத்து வருவது விடுதிதான். விவசாயத்தில் ஒன்றும் மிஞ்சாதபோது குத்தகைக்கும் விலைக்கும் கேட்டு வருகிறவர்களுக்கு மறுப்புச் சொல்ல ஒரு குடும்பத்தால் எத்தனை நாள் முடியும்? காட்டேஜ் கட்டிய பிறகு, அந்த ஜன்னலிலிருந்து பார்க்க வயல் இருக்காது. பயணிகள் தேடி வரும் அமைதியையும் பசுமையையும் தினமும் உண்டாக்கிக்கொண்டிருப்பது அங்கே உழுகிறவர்கள்தான். அவர்கள் உழுதுகொண்டே இருப்பதற்கு வழி செய்வதும் சுற்றுலாத் துறையின் வேலைதான் என்று நீங்கள் எண்ண வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மே 1 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். உங்கள் துறை அலுவலர் ஒருவரைக் கொல்லிமலையின் ஒவ்வொரு நாட்டுக் கிராம சபைக்கும் அனுப்புங்கள். திட்டம் எதையும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். சாமை போடத் தயாராக இருப்பவர்கள் எத்தனை பேர், என்ன விலை கட்டுப்படியாகும், உமி நீக்கும் இயந்திரம் எந்தெந்த ஊரில் ஓடுகிறது, எங்கே பழுதாகி நிற்கிறது, ஆட்களை வரவேற்க எந்த ஊர் சம்மதிக்கிறது. இந்த நான்கு கேள்விக்கும் பதில் கையில் இருந்தால், மழைக்கு முன்னால் விலையை அறிவித்துவிடலாம். ஆடிப் பதினெட்டு விழாவுக்குள் விதை மேடைக்கான வேலையையும் முடித்துவிடலாம். கிராம சபைகளில் என்ன பேசப்பட்டது என்பதை மாவட்ட இணையதளத்தில் வெளியிட்டால், என்னைப் போல அடிவாரத்தில் இருப்பவர்களும் எந்த ஊரில் யாரிடம் சாமை வாங்கலாம் என்று தெரிந்துகொள்வோம்.

இப்படிக்கு,
சேந்தமங்கலம் பக்கத்து வாசகன்